ஆன்கா இரத்தக் குழாய் அழற்சி: சேலம், சேர்வராயன் மலைப் பகுதி நோயாளிகளும் குடும்பத்தினரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் சிறுநீரக நோய்ப் பிரிவில் பணியாற்றும் எனக்கு, ‘ஆன்கா வாஸ்குலைட்டிஸ்’ என்று எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்னவென்று புரியாமல் கலங்கி நிற்கும் குடும்பங்களைச் சந்திக்க நேர்கிறது. அவர்கள் கேட்ட கேள்விகளையும், இன்னும் முன்னதாகவே கேட்டிருக்கலாம் என்று நான் நினைக்கும் சில கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு இது மாற்றாகாது. எந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, எந்த மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது என்பதையாவது இதைப் படிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

இது எந்த வகை நோய்? இரத்தத்தில் கிருமி கலந்ததால் வந்ததா?

கிருமியால் வரும் நோய் அன்று. வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவும் செய்யாது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலின் சொந்தத் திசுக்களையே தாக்குகிற தன்னெதிர்ப்பு நோய்களில் இதுவும் ஒன்று. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களுக்குள் பி.ஆர்.3, எம்.பி.ஓ. என்ற இரண்டு புரதங்கள் உள்ளன. அவற்றுக்கு எதிராக உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தைத்தான் ஆன்கா என்கிறோம். அது பற்றிக்கொண்டதும் அந்த வெள்ளணுக்கள் தூண்டப்பட்டு, மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டி, தம்முள் இருக்கும் நச்சுப் பொருள்களை அங்கேயே வெளியிட்டுச் சுவரைச் சிதைக்கின்றன. நுண்குழாய்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் சேதம் மிகுதியாக இருக்கும்: சிறுநீரகத்தின் வடிகட்டிகள், நுரையீரலின் காற்றறைகள், மூக்கின் உட்பகுதி, தோல், நரம்புகள்.

இதில் மூன்று வகைகள் உண்டு. மூக்கு, காது, நுரையீரலில் தொடங்கிச் சிறுநீரகத்துக்குப் பரவும் ஜி.பி.ஏ. முதல் வகை, பழைய சீட்டுகளில் இதை ‘வெகனர்’ என்று எழுதியிருப்பார்கள். சிறுநீரகத்தையும் நுரையீரலையும் முதன்மையாகத் தாக்கும் எம்.பி.ஏ. இரண்டாவது. நீண்ட நாள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஈசினோஃபில் அணுக்கள் பெருகி வரும் இ.ஜி.பி.ஏ. மூன்றாவது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் முதல் இரண்டைப் பற்றியே பேசுகிறேன்.

இது அவ்வளவு அரிய நோயா?

அரியதுதான். ஐரோப்பியக் கணக்கீடுகளில் பத்து லட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 20 பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அந்த விகிதத்தில் பாதியளவே இங்கு இருந்தாலும், ஆண்டுக்கு முப்பது குடும்பங்களுக்கு மேல் இந்த நோயை எதிர்கொள்ளும் என்று ஆகிறது. ‘அரிய நோய்’ என்ற சொல்லைக் கேட்டு, நம் ஊரில் யாருக்கு வரப்போகிறது என்று இருந்துவிட முடியாது.

எப்படித் தொடங்குகிறது? எதைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்?

தொடக்கத்தில் இது தன் முகத்தைக் காட்டுவதில்லை. வாரக்கணக்கில் சோர்வு, லேசான காய்ச்சல், பசியின்மை, எடைக் குறைவு, இன்று முழங்காலிலும் நாளை மணிக்கட்டிலுமாக இடம் மாறும் மூட்டுவலி என்று வரும். சிலருக்கு மூக்கில் பொருக்குத் தட்டி, இரத்தம் கலந்து உதிரும். எத்தனை சொட்டு மருந்து விட்டாலும் சைனஸ் தொந்தரவு தீராது. நாளடைவில் மூக்குத் தண்டு உள்வாங்கிப் போவதும் உண்டு. சிலருக்குக் காது அடைத்துக் கேட்கும் திறன் குறையும். கண் சிவந்து, ஆழமான வலி இருக்கும். கால்களில் அழுத்தினாலும் மறையாத செந்நீலப் புள்ளிகள் தோன்றும். இருமும்போது சளியில் இரத்தம் வரும்.

நரம்பு பாதிக்கப்படும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், நடக்கும்போது ஒரு காலில் மட்டும் செருப்பு கழன்று விழுவதாகவும், விழுந்தது தமக்குத் தெரிவதே இல்லை என்றும் சொல்லிக்கொண்டு வந்தார். முதுகுத் தண்டில் நரம்பு அழுந்தியிருக்கும் என்று நினைத்து, அவர் இடுப்புக்குப் பட்டை கட்டியிருந்தார். பாதத்தை மேலே தூக்கும் நரம்புக்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாய் அடைபட்டிருந்ததே உண்மையான காரணம். ஒரு காலில் இப்படியும், சில நாள் கழித்து மறு கையில் மரப்புமாக வந்தால், முதுகுத் தண்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

மூக்குக்கு ஒரு மருத்துவர், கண்ணுக்கு ஒருவர், மூட்டுக்கு மற்றொருவர் என்று நோயாளி அலைகிறார். ஒவ்வொருவரும் தத்தம் உறுப்புக்குச் சரியாகவே மருந்து தருகிறார்கள். எல்லாச் சீட்டுகளையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைப்பதில்லை. நோய் தாமதமாகக் கண்டறியப்படுவதற்கு முதன்மையான காரணம் இதுதான் என்பது என் கருத்து. மூன்று வாரங்களுக்கு மேல் இத்தகைய தொந்தரவுகளில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால், எல்லாச் சீட்டுகளையும் ஒரே பொது மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

என் அப்பாவுக்குச் சிறுநீர் நன்றாகப் போகிறது, எரிச்சலும் இல்லை. மூக்குத் தொந்தரவுக்குப் போன இடத்தில் சிறுநீர்ச் சோதனை எழுதியிருக்கிறார்கள். ஏன்?

உங்கள் தந்தையைப் பார்த்த மருத்துவர் மிகச் சரியான வேலையைச் செய்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள் என்று சொல்வேன்.

இந்நோயில் சிறுநீரகம் வலிக்காமலே கெடும். சிறுநீரின் அளவு குறையாது, நிறமும் பெரும்பாலும் மாறாது, கால் வீக்கம் கடைசியில்தான் வரும். அதற்குள், சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் சில வாரங்களில், சிலருக்குச் சில நாட்களிலேயே, ஒன்றிலிருந்து நான்கு, ஐந்து என்று ஏறிவிடும். ஆனால் வடிகட்டியில் முதல் கசிவு ஏற்பட்டதுமே சிறுநீரில் சிவப்பணுக்களும் புரதமும் வந்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கசிவை, எந்த ஆய்வகத்திலும் குறைந்த செலவில் செய்யக்கூடிய சிறுநீர் முழுப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

நிறம் மாறும் பட்டையை நனைத்துப் பார்ப்பது முதல் படி. அதில் இரத்தமும் புரதமும் தெரிந்தால், சிறுநீரைச் சுழலியில் சுற்றி, அடியில் தங்கும் வண்டலை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சிறுநீர்ப் பையிலிருந்தோ கல் உரசலாலோ வரும் சிவப்பணுக்கள் வட்டமாக, ஒரே சீராக இருக்கும். வடிகட்டியின் கிழிசல் வழியே நெருக்கித் தள்ளப்பட்டு வந்தவை நெளிந்து, முனைகளில் சிறு மொட்டுகளோடு காணப்படும். சில சமயம் சிவப்பணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து, நுண்குழாயின் வடிவத்திலேயே உறைந்த சிறு உருளைகளாகத் தென்படும். அந்த உருளை ஒன்றைப் பார்த்துவிட்டால், வடிகட்டியில்தான் அழற்சி இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் கவனிக்க வேண்டும். நாகலூரிலோ மஞ்சகுட்டையிலோ காலையில் பிடித்த சிறுநீரை டப்பாவில் அடைத்து, பேருந்தில் மலை இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்தால், வெயிலிலும் நேரத்திலும் அந்த உருளைகள் சிதைந்துவிடும். சோதனையில் ஒன்றும் இல்லை என்று தவறாக வரக்கூடும். ஆய்வகத்துக்கு வந்த பிறகு சிறுநீரைக் கொடுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் அதை நுண்ணோக்கியில் பார்த்துவிடும்படி கேளுங்கள். கூடவே கிரியேட்டினின் சோதனையும் இருக்கட்டும். முடிவு சந்தேகமாக இருந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல், அடுத்த வாரமே மறுபடி எடுங்கள்.

எக்ஸ்ரேயில் நுரையீரலில் குழி இருக்கிறது, டிபி என்று சொல்லி மருந்து தொடங்கிவிட்டார்கள். குறையவில்லை. இது ஆன்கா நோயாக இருக்குமா?

இருக்கலாம், அவசரமாகப் பார்க்க வேண்டிய கேள்வி இது. நம் நாட்டில் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் இரத்தம், எக்ஸ்ரேயில் குழி என்று ஒருவர் வந்தால் காசநோயை முதலில் நினைப்பதுதான் முறை. அப்படி நினைத்த மருத்துவரைக் குறை சொல்வதற்கில்லை. ஜி.பி.ஏ. நோயும் நுரையீரலில் கட்டிகளையும் குழிகளையும் உண்டாக்கும். திசுவை எடுத்துப் பார்த்தாலும் இரண்டிலும் கிரானுலோமா என்னும் அழற்சி முடிச்சுகள் இருப்பதால், ஒன்று மற்றொன்றைப் போலத் தோற்றமளிக்கும்.

சளியில் காசநோய்க் கிருமி தென்பட்டதா, அல்லது சிபிநாட், ட்ரூநாட் போன்ற மரபணுச் சோதனையில் உறுதியானதா என்பதை முதலில் கேளுங்கள். இரண்டும் எதிர்மறையாக இருந்து, எக்ஸ்ரேயை மட்டும் வைத்து மருந்து தொடங்கியிருந்தால், மேலே சொன்ன சிறுநீர்ச் சோதனையையும் கிரியேட்டினினையும் அன்றே எடுக்க வேண்டும். சளியில் கிருமி இல்லாமல், சிறுநீரில் இரத்தமும் புரதமும் இருந்து, மூக்கிலோ காதிலோ தொந்தரவும் இருக்கும் நோயாளிக்குக் காசநோய் மருந்து வேலை செய்கிறதா என்று இரண்டு மாதம் காத்திருந்து பார்ப்பது, சிறுநீரகத்தை இழப்பதற்கு நிகராகும்.

மறுபக்கமும் உண்டு. காசநோயிலேயே சிலருக்கு ஆன்கா சோதனை பாசிட்டிவாக வரும். அவர்களுக்கு ஆன்கா நோய் என்று முடிவுகட்டி எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து கொடுத்தால், காசநோய் உடல் முழுவதும் பரவிவிடும். இரண்டு நோய்களும் ஒருவருக்கே இருப்பதும் நடக்கும். அப்போது இரண்டுக்கும் சேர்த்தே மருந்து தர வேண்டியிருக்கும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டின் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதால் அளவைத் திருத்த வேண்டும். ஆகவே நெஞ்சக மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் கலந்து பேசிச் செய்ய வேண்டிய வேலை இது.

ஆன்கா பாசிட்டிவ் என்று வந்தால் நோய் உறுதிதானே?

இல்லை. காசநோய், இதய வால்வில் கிருமித் தொற்று, குடல் அழற்சி நோய்கள் ஆகியவற்றிலும் இது பாசிட்டிவாக வரும். தைராய்டுக்குக் கொடுக்கும் புரோபில்தயோயூராசில், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரலாசின் போன்ற மருந்துகளாலும் வரும். அந்த மருந்துகள் சிலருக்கு உண்மையான இரத்தக் குழாய் அழற்சியையே தூண்டிவிடுவதும் உண்டு. எனவே வீட்டில் உட்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த எதிர்ப்புப் புரதம் 1982-இல் ஆஸ்திரேலியாவில் முதலில் விவரிக்கப்பட்டு, 1985-இல் அன்று வெகனர் நோய் எனப்பட்ட ஜி.பி.ஏ.வோடு தொடர்புபடுத்தப்பட்டது. தொடக்க காலத்தில் ஒளிரும் சாயத்தில் வெள்ளணுக்களைப் பார்த்து சி-ஆன்கா, பி-ஆன்கா என்று பிரித்தார்கள். பி.ஆர்.3, எம்.பி.ஓ. இரண்டையும் தனித்தனியே அளக்கும் சோதனையே முதலில் செய்யத்தக்கது என்று 2017-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்பாடு பரிந்துரைத்தது. ‘பி-ஆன்கா பாசிட்டிவ்’ என்ற ஒற்றை வரி மட்டும் உங்கள் முடிவில் இருந்தால், எம்.பி.ஓ. அளவு என்ன என்று கேளுங்கள். நோய் உண்மையாகவே இருந்தும் ஆன்கா நெகட்டிவாக வரும் நோயாளிகளும் இருக்கிறார்கள்.

சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டும் என்கிறார்கள். கிட்னி கெட்டுப்போகாதா?

இந்தச் சோதனையால் சிறுநீரகம் கெட்டுப்போவதில்லை. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய ஊசியால் பென்சில் முனை அகலத்துக்கும் குறைவான இரண்டு துணுக்குகளை எடுப்பார்கள். அன்றிரவு மருத்துவமனையிலேயே படுத்திருக்க வேண்டும். சிறுநீர் சிவக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பார்கள். சிலருக்கு ஒன்றிரண்டு நாள் சிறுநீரில் இரத்தம் வந்து தானே நிற்கும். பெரிய அளவில் இரத்தக் கசிவு ஏற்படுவது அரிது. இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை உட்கொள்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அந்தத் துணுக்கிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. வடிகட்டிகளில் பிறை வடிவ அணுத் திரள்கள் இருக்கின்றனவா என்பது ஒன்று. லூபஸ் என்ற மற்றொரு தன்னெதிர்ப்பு நோயில் காண்பது போல எதிர்ப்புப் புரதங்கள் குவிந்து கிடக்கின்றனவா என்பது மற்றொன்று. ஆன்கா நோயில் அவை ஏறத்தாழ இருக்காது. எத்தனை வடிகட்டிகள் இன்னும் நலமாக உள்ளன, எத்தனை தழும்பாகிவிட்டன என்பது மூன்றாவது. எவ்வளவு தூரம் மீட்க முடியும் என்பதை இது முன்கூட்டியே சொல்லும். கிரியேட்டினின் வேகமாக ஏறிக்கொண்டிருந்தால், திசு முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிடுவதே சரி.

சிகிச்சைக்கு எங்கே போக வேண்டும்? செலவு?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவும் டயாலிசிஸ் வசதியும் உள்ளன. மேற்கொண்டு ஆலோசனை தேவைப்படுபவர்கள் வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், சென்னை அரசு மருத்துவமனை என்று செல்கிறார்கள். கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கும் நிலையில், வெளியூரில் நாள் கிடைக்கும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டாம். சேலத்தில் முதல் மருந்தைத் தொடங்கிவிட்டு, பிறகு காட்பாடிக்கு ரயில் ஏறலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அனுமதியாகும் அன்றே காப்பீட்டுப் பிரிவில் காட்டி, எந்த மருந்து அதில் அடங்கும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன மருந்து கொடுப்பார்கள்?

இந்நோய்க்கு மருந்தில்லாத காலம் ஒன்று இருந்தது. 1958-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சிகிச்சை இல்லாத நோயாளிகள் சராசரியாக ஐந்து மாதங்களே உயிர் வாழ்ந்தார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் அந்தோணி ஃபவுச்சியும் ஷெல்டன் உல்ஃபும் சைக்ளோபாஸ்பமைடையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்து அந்த நிலையை மாற்றினார்கள். 1983-இல் அந்தக் குழு வெளியிட்ட 85 நோயாளிகளின் விவரத்தில் 93 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியிருந்தது. இன்று இந்நோயோடு பல்லாண்டு வாழ்பவர்களே பெரும்பான்மை.

சிகிச்சைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் நோயை அடக்குகிறோம். கடுமையான நிலையில் மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை, நாளொன்றுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை, வழக்கமாக மூன்று நாள் டிரிப் வழியே செலுத்துவார்கள். பிறகு மாத்திரையாகத் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பார்கள். அதனுடன், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளான சைக்ளோபாஸ்பமைடு, ரிட்டுக்சிமாப் ஆகிய இரண்டில் ஒன்று சேரும். சைக்ளோபாஸ்பமைடை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று தடவையும், பின்பு மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் டிரிப்பில் கொடுப்பது பரவலான முறை; எடை, வயது, கிரியேட்டினின் மூன்றையும் பார்த்து அளவு முடிவாகும். ரிட்டுக்சிமாபை வாரம் ஒன்றாக நான்கு முறையோ, பதினைந்து நாள் இடைவெளியில் 1 கிராம் வீதம் இரண்டு முறையோ செலுத்துவார்கள்.

எது மேல் என்று எல்லாக் குடும்பங்களும் கேட்கின்றன. 2010-இல் வெளியான ரேவ் ஆய்வில் 197 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் ஸ்டீராய்டு இல்லாமலே நோய் அடங்கியிருந்தவர்கள் ரிட்டுக்சிமாப் பிரிவில் 64 சதவீதம், சைக்ளோபாஸ்பமைடு பிரிவில் 53 சதவீதம். முதல் முறை நோய் வந்தவர்களுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. நோய் திரும்பி வந்தவர்களுக்கு ரிட்டுக்சிமாப் தெளிவாக நன்றாக இருந்தது. இளவயதினருக்கும், திரும்பி வந்தவர்களுக்கும் ரிட்டுக்சிமாபையே நான் விரும்புவேன். பணம் தடையாக இருந்தால் சைக்ளோபாஸ்பமைடில் தொடங்குவதில் தயக்கம் வேண்டாம். மருந்து கிடைக்கும்வரை என்று நாளைக் கடத்துவதுதான் கேடு. 2007-லேயே இந்தியாவில் தயாரித்த ரிட்டுக்சிமாப் விற்பனைக்கு வந்துவிட்டதால், வெளிநாட்டு மருந்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டிய நிலையும் இப்போது இல்லை.

இரத்தத்தைச் சுத்தம் செய்யும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை கட்டாயம் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. 704 நோயாளிகளைச் சேர்த்து நடந்து 2020-இல் வெளியான பெக்சிவாஸ் ஆய்வில், இறப்பையோ நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்பையோ அது குறைத்ததாகத் தெரியவில்லை. கிரியேட்டினின் 3.4-க்கு மேல் ஏறியவர்களிலும், டயாலிசிஸ் தேவைப்படுபவர்களிலும் சிலருக்கு மட்டும் யோசித்துச் செய்கிறோம். ஆன்காவோடு, சிறுநீரக வடிகட்டியின் அடிச்சவ்வைத் தாக்கும் ஜி.பி.எம். எதிர்ப்புப் புரதமும் சேர்ந்து இருந்தால் மட்டும் இது கட்டாயமாகிறது.

ஸ்டீராய்டு வேண்டாம், உடம்பு வீங்கிவிடும், எலும்பு கரைந்துவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நிறுத்த வேண்டாம். உறவினர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் பக்கவிளைவுகளும் உண்மையே. முகம் உப்பும், பசி கூடும், தூக்கம் கெடும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும், தொற்று நோய் எளிதில் பற்றும். ஆனால் சில வாரங்கள் ஸ்டீராய்டு உட்கொண்டதும் உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அந்நிலையில் திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அடங்கிய நோயும் மறுபடி எழும்.

நிறுத்துவதற்குப் பதிலாக, எவ்வளவு விரைவாகக் குறைக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது நியாயமான கேள்வி. அதே பெக்சிவாஸ் ஆய்வில், ஸ்டீராய்டை வேகமாகக் குறைத்தவர்களுக்கு நோய் கட்டுப்பாட்டில் குறைவு ஏற்படவில்லை. கடுமையான தொற்றுகள் குறைவாகவே வந்தன. நான்கு, ஐந்து மாதத்துக்குள் நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்குக் கொண்டுவருவதே இப்போதைய இலக்கு. ஸ்டீராய்டின் தேவையையே குறைக்கும் அவாகோபான் என்ற மாத்திரைக்கு 2021 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒப்புதல் அளித்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும், வாரம் ஒருமுறையாவது சர்க்கரை, இரத்த அழுத்தச் சோதனையும் வேண்டும்.

நான் ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். மருந்து தொடங்கும் முன் மலச் சோதனை எதற்கு?

ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் தோல் வழியே உடலுக்குள் புகும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல்போன்ற புழு, எந்தத் தொந்தரவும் தராமல் பல ஆண்டுகள் குடலில் தங்கியிருக்கும். ஸ்டீராய்டு கொடுத்ததும் அது கட்டுக்கடங்காமல் பெருகி, நுரையீரலுக்கும் மூளைக்கும் கிருமிகளைச் சுமந்து செல்லும். அந்நிலையில் காப்பாற்றுவது கடினம். மலச் சோதனையில் தப்பிவிடவும் வாய்ப்புள்ளதால், தோட்ட வேலை செய்பவர்களுக்கு ஐவர்மெக்டின் மாத்திரையை முன்னதாகவே கொடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இதோடு மறைந்திருக்கும் காசநோய்க்கும், மஞ்சள் காமாலை பி வகைக்கும் சோதனை வேண்டும். பழைய பி வகைத் தொற்று ரிட்டுக்சிமாபுக்குப் பின் மறுபடி எழுந்து கல்லீரலைக் கெடுக்கும் என்பதால், அந்த வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜெனோடு, அதன் மையப் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். நுமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் தருவோம். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளை முடிந்தால் ரிட்டுக்சிமாபுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

கல் குவாரி, கிரஷர் வேலைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா?

சிலிக்கா கலந்த பாறைத் தூசியை நீண்ட காலம் சுவாசித்தவர்களுக்கு ஆன்கா நோய் கூடுதலாக வருகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. தூசியை சுவாசித்த எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர்கள் எல்லோரும் தூசியில் வேலை செய்தவர்களும் அல்லர். கல் உடைப்பு, கல் அரைப்பு, துளையிடுதல் ஆகியவை நிறைந்த நம் மாவட்டத்தில், நோயாளி என்ன வேலை செய்தார் என்று கேட்டு எழுதுவது மருத்துவரின் கடமை. நோய் வந்த பிறகு அதே தூசிக்குத் திரும்பக் கூடாது. வேறு வழியில்லை என்றால் தண்ணீர் தெளித்து உடைக்கும் இடத்தில், கைக்குட்டைக்குப் பதில் தரமான முகக் கவசத்தோடு வேலை செய்ய வேண்டும்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடலாமா? நாட்டு மருந்து?

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தை மேலும் அடிக்கும், வேண்டாம். பாராசிட்டமால் போதும். உலோகப் பற்பங்கள் கலந்த மருந்துகளையும், என்ன கலந்திருக்கிறது என்று எழுதப்படாத பொடிகளையும் தவிர்த்துவிடுங்கள். உணவில் உப்பையும் இனிப்பையும் குறைத்தால் போதும். கடும் பத்தியம் இருந்து உடலை மெலியவிட வேண்டாம்.

திருமணமாகி ஓராண்டுதான் ஆகிறது. குழந்தை பெற முடியுமா?

முடியும். சைக்ளோபாஸ்பமைடு ஆண், பெண் இருவரின் கருவளத்தையும் பாதிக்கும் என்பதால், மருந்து தொடங்கும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும். ஆண்கள் விந்தணுவை உறைநிலையில் சேமித்துக்கொள்ளலாம். பெண்களுக்குச் சினைப்பையைக் காக்கும் ஊசி உண்டு, அல்லது ரிட்டுக்சிமாபைத் தேர்ந்தெடுக்கலாம். நோய் அடங்கிக் குறைந்தது ஆறு மாதமான பிறகு கருத்தரிப்பதே பாதுகாப்பு. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளில் சைக்ளோபாஸ்பமைடு, மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்சேட் மூன்றும் கருவுக்குக் கேடு, அசத்தியோபிரினைத் தொடரலாம். இந்தப் பேச்சை மாமியார் முன்னிலையில் பேசத் தயங்கும் பெண்கள் பலர். தனியே பேச வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் ஏற்பாடு செய்வார்.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். இனி வாழ்நாள் முழுவதும் அதுதானா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். டயாலிசிஸோடு சிகிச்சை தொடங்கியவர்களில் கணிசமானோர், மருந்து வேலை செய்யச் செய்ய, அடுத்த சில மாதங்களில் அதிலிருந்து விடுபடுகிறார்கள். மீளாதவர்களுக்கு, நோய் முழுதாக அடங்கி ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆன பிறகு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாம். ஆன்கா சோதனை அப்போதும் பாசிட்டிவாக இருப்பது அதற்குத் தடையாகாது.

குணமான பிறகு மறுபடியும் வருமா?

வரும் வாய்ப்பு உண்டு, பி.ஆர்.3 வகையினருக்கு அது கூடுதல். அதனால்தான் இரண்டாம் கட்டமாகப் பராமரிப்பு மருந்து இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை தொடர்கிறது. 2014-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 28 மாதங்களில் நோய் பெரிதாகத் திரும்பியவர்கள் அசத்தியோபிரின் பிரிவில் 29 சதவீதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் ரிட்டுக்சிமாப் பெற்ற பிரிவில் 5 சதவீதம்.

ஆன்கா அளவு ஏறியதை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டுவதில்லை. அப்போது கண்காணிப்பை நெருக்கமாக்குவோம். மூக்கில் மறுபடி பொருக்குத் தட்டுவது பலருக்கு முதல் எச்சரிக்கை. கொதித்து ஆறிய உப்புநீரால் தினமும் மூக்கைக் கழுவுவது நல்லது. சிறுநீர்ப் பட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை வீட்டிலேயே நனைத்துப் பார்க்கவும் நோயாளிகளுக்குக் கற்றுத் தருகிறேன். சைக்ளோபாஸ்பமைடு பெற்றவர்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரில் இரத்தம் வந்தால், அது சிறுநீர்ப் பையிலிருந்தும் வரலாம் என்பதால் அதையும் சோதிக்க வேண்டும்.

மலையில் இருக்கிறோம். எப்போது உடனே கீழே வர வேண்டும்?

இருமும்போது இரத்தம், திடீர் மூச்சுத் திணறல், மூச்சு விடும்போது தொண்டையில் விசில் போன்ற ஓசை, சிறுநீர் குறைதல் அல்லது கறுத்துப்போதல், கண்ணில் கடும் வலி, புதிதாகக் கை, கால் விழுதல், மருந்து காலத்தில் 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, ஏற்காடு அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டு சேலத்துக்கு இறங்குங்கள். மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவுச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றால் குப்பனூர் வழி இருக்கிறது. அதையும் ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அப்படி வரும்போது ஒரு கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். முதல் டிஸ்சார்ஜ் சீட்டு, திசுப் பரிசோதனை முடிவு, ஆன்கா வகை, இதுவரை பெற்ற சைக்ளோபாஸ்பமைடின் மொத்த அளவு, கடைசி ரிட்டுக்சிமாப் போட்ட தேதி, கடைசி மூன்று கிரியேட்டினின் முடிவுகள், இன்று உட்கொள்ளும் ஸ்டீராய்டின் அளவு ஆகியவை அதில் இருக்கட்டும். மருத்துவமனை மாறினாலும், இரவுப் பணியில் இருக்கும் புதிய மருத்துவர் அந்தத் தாள்களைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்க முடியும்.